61 வயசுல பாட்டு எழுத வரலாமா? மெட்டுக்குள்ள வரி உக்கார மாட்டேங்குது, வழி சொல்லுங்க

தேனி_நைட்ஹால்ட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தேனி பக்கம், கவர்மெண்ட் பஸ்ல 29 வருஷம் கண்டக்டரா இருந்துட்டு போன வருஷம் ரிட்டயர் ஆனேன். சின்ன வயசுலருந்தே பாட்டு எழுதணும்னு ஆசைங்க, கவிதை இல்ல, பாட்டு. நைட் ஹால்ட் ஊர்ல டிரைவர் அண்ணன் சாப்ட்டு படுத்துருவாரு, நான் கலெக்சன் எண்ணி முடிச்சு பைய தலைக்கு வச்சுக்கிட்டு ஒத்த லைட்டுல எழுதுவேன், அப்பல்லாம் மிஷின் கெடையாது, டிக்கெட் புக்கு தீந்தா ஒரு அட்டை மிஞ்சும், முக்காவாசி பாட்டு அந்த அட்டையிலதான் இருக்கு. ஒரு பிஸ்கட் டின் நெறைய சேந்துருக்கு. ரெண்டு பொண்ணு படிப்பு, கல்யாணம், அம்மா ஆஸ்பத்திரின்னு ஓடுனதுல யாருகிட்டயும் காட்டுனதில்ல.

இப்ப பக்கத்து தெரு தம்பி ஒருத்தன் ஒரு பாட்டுக்கு மெட்டு போட்டுக் குடுத்தான். பல்லவி இது:

கடைசி பஸ்ஸு போயிருச்சு கம்மாக் கரையில
கண்ணு மூடாம எரியுது ஒரு மஞ்ச வெளக்கு

ரெண்டாவது வரி முடியுற எடத்துல மெட்டு மேல ஏறி நாலு எண்ணுற நேரம் நிக்கிது, அங்க எனக்கு மூச்சு முட்டுது, வார்த்தை நிக்க மாட்டேங்குது. சரணம்:

எச்சி தொட்டு கிழிச்சு கிழிச்சு ரேகை தேஞ்சு போச்சு
எத்தனையோ ஊரு பேரு நாக்கில் ஊறிப் போச்சு
வாழ்க்கை என்னும் பயணத்திலே நானும் ஒரு பயணி
...

இதுக்கு நடுவுல ஒருத்தர் போன் பண்ணி ஆல்பமா போட்டு நெட்ல விடுறோம், 35,000 கட்டுங்க, ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுங்கன்னு சொல்றாரு. கட்டலாமா? இந்த வயசுல ஆரம்பிச்சு இது சரியா வருமா? யோசனை சொல்லுங்க.

கீபோர்டு_மதுரை:
அண்ணே வணக்கம். நான் 18 வருஷமா மேடைக் கச்சேரில கீபோர்டு வாசிக்கிறேன். மொதல்ல உங்க முதல் வரி நல்லா இருக்கு, பேசிப் பாத்தாலே தாளம் கேக்குது. "தனன தன்ன தானதன்ன தன்னா தனனன"ன்னு சொல்லிப் பாருங்க, உங்க வரி அப்படியே அதுல உக்காந்துருக்கு. மெட்டுக்கு எழுதுறதுன்னா இதுதாண்ணே, அந்தத் தம்பிகிட்ட மெட்ட வார்த்தை இல்லாம வெறும் தத்தகாரத்துல பாடி போன்ல ரெக்கார்ட் பண்ணித் தரச் சொல்லுங்க, நீங்க அத நூறு வாட்டி கேளுங்க, எங்க குறில் எங்க நெடில் எங்க அழுத்தம்னு காது பழகட்டும், அதுக்கப்புறம் பேனாவ எடுங்க.

இப்ப மூச்சு முட்டுற எடம். தப்பு உங்க மூச்சுல இல்ல. "வெளக்கு"ன்னு முடிக்கிறீங்க, கடைசில வர்ற கு குற்றியலுகரம், அரை மாத்திரை தான், உதடு திறக்கறதுக்குள்ள தீந்து போற சத்தம். அதப் போயி மேல் ஸ்தாயில நாலு எண்ணம் இழுக்கச் சொன்னா எந்தப் பாடகரும் "வெளக்கூஊ"ன்னுதான் பாடணும், கேக்க நல்லா இருக்காது. இழுக்குற எடத்துல ஆ, ஏ, ஓ மாதிரி வாய் திறக்குற நெடில் வேணும். இப்படி பாடிப் பாருங்க:

கண்ணு மூடாம மஞ்ச வெளக்கு காத்திருக்கே

"கே"ல எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம். கடைசி, கண்ணுன்னு உங்க மோனையும் போகல. அதோட "எரியுது"ன்னா வெளக்கு சும்மா எரியுது, "காத்திருக்கே"ன்னா வீட்டுல ஒரு ஆள் முழிச்சிருக்கறது தெரியுது. இத நான் திருத்தினேன்னு நெனைக்காதீங்க, மெட்டு கேட்டுச்சு குடுத்தோம், அவ்ளோதான்.

செவ்வந்தி_அக்கா:
ஐயா, நான் நர்ஸா இருந்தவ, 54 வயசுல எழுத ஆரம்பிச்சேன், இப்ப 60. வயச பத்திக் கேட்டீங்க. பாபநாசம் சிவன் 1890ல பொறந்தவர், அவர் சினிமாவுக்கு மொதல் மொதலா பாட்டு எழுதினது 1934ல வந்த சீதா கல்யாணத்துக்கு, அதாவது நாப்பத தாண்டி. அதுக்கு முன்னாடியே கீர்த்தனை எழுதிட்டு இருந்தார்தான், ஆனா புது எடத்துக்கு அந்த வயசுல வந்தார்ல. வாலி 80 தாண்டியும் எழுதிட்டே இருந்தார். நம்ம அவங்க அளவு ஆகணும்னு சொல்லல, வார்த்தைக்கு ரிட்டயர்மெண்ட் கெடையாதுன்னு சொல்ல வந்தேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது "எச்சி தொட்டு கிழிச்சு கிழிச்சு ரேகை தேஞ்சு போச்சு". இத சென்னைல ஏசி ரூம்ல உக்காந்து இருபத்தஞ்சு வயசுப் பையன் எழுத முடியாது. இந்த வரிக்கு நீங்க 29 வருஷம் வேல பாத்துருக்கீங்க. அதே சரணத்துல "வாழ்க்கை என்னும் பயணத்திலே நானும் ஒரு பயணி"ன்னு வருது பாருங்க, அத தயவு செஞ்சு எடுத்துருங்க ஐயா, அது யார் வேணா எழுதுற வரி, ஏற்கனவே நூறு பேர் எழுதினது. அந்த எடத்துல சில்லறை குடுங்கன்னு தினம் எத்தன வாட்டி கேட்டீங்க, மழைல ஜன்னல் ஷட்டர் எறக்குற சத்தம், தூங்கிட்டு ஸ்டாப்ப தாண்டிப் போன பாட்டி, இப்படி ஏதாச்சும் வைங்க. உங்க டின்ல கண்டிப்பா இருக்கும்.

இன்னொன்னு, பாட்ட பேப்பர்லயே வச்சிருக்காதீங்க, வேற ஒருத்தர் வாய்ல பாட விடுங்க. நான் மொதல்ல எழுதுன தாலாட்ட எங்க தெருல ஒரு வளைகாப்புக்கு கும்மி அடிக்கற பொம்பளைங்ககிட்ட குடுத்தேன், அவங்க மூணாவது வரில ஒரு வார்த்தைய அவங்களாவே மாத்திப் பாடிட்டாங்க, மொதல்ல சங்கடமா இருந்துச்சு, அப்புறம் பாத்தா அவங்க பாடினதுதான் சரி, நான் எழுதினது நாக்குல தடுக்குது. அன்னிலேர்ந்து எழுதினத சத்தமா பாடாம எதையும் முடிச்சதா வைக்கறதில்ல.

வக்கீல்குமாஸ்தா_திருச்சி:
அந்த 35,000 விஷயத்துக்கு மட்டும் வரேன் சார். கட்டாதீங்க. பாட்டு எழுதினவருக்கு காசு வரணுமே தவிர அவர் காசு குடுக்கக் கூடாது, ரெக்கார்டிங் பண்ண ஸ்டுடியோவுக்கும் பாடகருக்கும் நீங்களா செலவு பண்றது வேற கத. முக்கியமா அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, அதுல உரிமைய எழுதி வாங்குற வாசகம் இருக்கலாம், தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டிட்டுப் பேசுங்க.

நீங்க எழுதின அன்னிக்கே காப்புரிமை உங்களோடது, பதிவு பண்ணாதான் உரிமைன்னு சட்டத்துல இல்ல. ஆதாரத்துக்காக காப்புரிமை அலுவலகத்துல பதியலாம். பாட்டு வரி இலக்கியப் படைப்புங்கற கணக்குல வரும், மெட்டு தனி, அது அந்தத் தம்பியோடது, ரெண்டு பேரும் இப்பவே பங்கு எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி மனக்கசப்பு வராது. உரிமை நீங்க இருக்கற வரைக்கும், அதுக்கப்புறம் 60 வருஷம் உங்க பிள்ளைகளுக்கு. யாருக்காச்சும் எழுதிக் குடுத்தாலும் எத்தன வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும். 2012ல சட்டத்த திருத்தினப்ப பாடலாசிரியரோட ராயல்டி பங்கையும் உறுதி பண்ணிட்டாங்க. அந்தப் பங்க வசூலிச்சுத் தர்ற ஐபிஆர்எஸ்ங்கற அமைப்புல பாடலாசிரியர்களும் சேரலாம், பாட்டு வெளியானப்புறம் அதப் பாருங்க.

அட்டைய எல்லாம் இன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க சார். பழைய அட்டைய கரையான் விடாது.

தேனி_நைட்ஹால்ட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலைல மொட்டை மாடில நின்னு "காத்திருக்கே"ன்னு பாடிப் பாத்தேன், நின்னுச்சு தம்பி! எங்க வீட்டம்மா கீழருந்து யாரு பாடுறதுன்னு கேட்டுட்டு மேல வந்துட்டாங்க. அந்த வெளக்கு அவங்க போட்டு வச்ச வெளக்குதான், 29 வருஷத்துல இன்னிக்குத்தான் சொன்னேன்.

அந்த ஆளு மறுபடி போன் பண்ணாரு, வேண்டாம்னு சொல்லிட்டேன். பயணி வரிய எடுத்துட்டேன் செவ்வந்தி அம்மா, இப்போதைக்கு இது வச்சிருக்கேன்:

தூங்கிப் போன பாட்டிக்காக பஸ்ஸு நின்னு போச்சு

நெசமா நடந்தது, போடி மெட்டு மலை ரோட்டு ஏற்றத்துல. இதுலயும் கடைசில சு தான் வருது, ஆனா இங்க மெட்டு நிக்கல, சட்டுனு கீழ எறங்குது. அப்ப சரிதானே தம்பி?