மறுமொழி: டிரான்ஸ்ஹியூமன்ஸுக்குத் தமிழ் – ‘பட்டிப்பெயர்ச்சி’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பருவத்துக்குப் பருவம் கால்நடைகளை ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்த் திரும்புவதை ஆங்கிலத்தில் transhumance (டிரான்ஸ்ஹியூமன்ஸ்) என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு இது என் பதில்.

> ‘பருவகால இடப்பெயர்வு மேய்ச்சல்’ என்று எழுதிவிடலாமே. எல்லாருக்கும் விளங்கும்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் ‘இடப்பெயர்வு’ என்றால் போர் நடந்த 1995, 2008, 2009 தான் விளங்கும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் செல்லடிக்குள் போனதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. மாட்டை அவிழ்த்துவிட்டுப் போன சனத்திடம் போய் ‘இடப்பெயர்வு மேய்ச்சல்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. கைவிடப்பட்ட மாடுகள் காட்டுக்குள் போய் ஆளண்டாத மாடாகிப் பெருகிய கதை அந்தச் சொல்லுக்குள் அடங்கும்; ஆண்டுதோறும் பட்டியைக் காட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிற வேலை அதற்குள் அடங்காது.

தஞ்சாவூர் நண்பர் சொன்ன ‘வலசை மேய்ச்சல்’ கேட்க நன்றாக இருக்கிறது. பறவைகளுக்கு அது நிலைத்தும்விட்டது. ஆனால் அகராதியில் வலசைக்குப் பகைவர் படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுதல் என்ற பொருளும் கிடக்கிறது. அங்கேயும் ஓட்டம்தான் வருகிறது.

என் முன்மொழிவு ‘பட்டிப்பெயர்ச்சி’. எங்கள் பக்கம் பட்டி என்றால் மாடு அடைக்கும் இடமும் அதுதான், அதில் நிற்கும் மந்தையும் அதுதான். ‘அவருக்கு ரெண்டு பட்டி மாடு’ என்பார்கள். பெயர்ச்சி என்றதும் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி நினைவுக்கு வரும். தெரிந்த இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்கு, தெரிந்த காலத்தில் நகர்வது. நாடோடி மேய்ச்சலிலிருந்து இதைப் பிரிப்பதும் இந்தத் தவணைதான். வீடு ஊரிலேயே இருக்கும். மாடும் மேய்ப்பவரும் மட்டும் போய்த் திரும்புவார்கள்.

வரைவிலக்கணம் எழுதப்போகிறவர்கள் வன்னியின் ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். யூலை, ஓகஸ்டில் குளத்துத் தண்ணீர் பின்வாங்க, அலைகரையில் (தண்ணீர் வற்றி வெளியே தெரியும் குளத்தின் உட்கரையில்) புல் முளைக்கும். வவுனிக்குளமானாலும் முத்தையன்கட்டானாலும் ஊருக்குள் இருக்கிற சின்னக் குளமானாலும் கோடையில் மாட்டுக்குச் சோறு போடுவது அந்த ஈரப் புல்தான். சிறுபோகம் (கோடை நெல்) அரிவு வெட்டிய வயலில் தாளும் கிடக்கும். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை இறங்க, காலபோகத்துக்கு (மாரிகால நெல்லுக்கு) வயல் விதைப்பார்கள். அதே மழையில் குளம் நிரம்பி அலைகரையும் தண்ணீருக்குள் போகும். வயலும் அலைகரையும் ஒரே மாதத்தில் மாட்டுக்கு இல்லாமல் போகின்றன. அப்போதுதான் பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்கும் தரவைக்கும் (புல்வெளிக்கும்) போவார்கள். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் தாள் மேயத் திரும்புவார்கள். மாட்டெரு வயலுக்குச் சேரும்.

காட்டுப் பட்டியைக் கண்டவர்களுக்குத் தெரியும். மரக்கட்டைகளை நெருக்கி நட்டு, முள்ளால் வரிந்த வேலி. கன்றுகளுக்கு உள்ளே தனி அடைப்பு. பொழுதுபட, ஈரவிறகில் புகை போடுவார்கள். ஈயும் நுளம்பும் தாங்காத மாடு தானாக அந்தப் புகைக்குள் வந்து நிற்கும். பால் சேகரிக்கும் இடம் தூரமென்பதால் கறந்ததைத் தயிராக்குவார்கள், மிச்சம் கன்றுக்கு. கூரை கிடையாது. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்தபோது, மழைக்காலத்தில் வெட்டவெளியில் நிற்கும் பட்டிகளின் நிலை வெளியே தெரிய வந்தது.

> இப்படி ஊர்ஊராக மேய்ப்பதால்தான் பொதுநிலம் அழிகிறது. அதையும் வரைவிலக்கணத்தில் சேர்க்கவேண்டும்.

இதை நான் முழுதாக மறுக்கிறேன். இங்கே அழிவு வருவது பட்டி பெயர்வதால் அல்ல, பெயர முடியாமல் நிற்பதால். மேய்ந்த காடுகள் பல 2009-க்குப் பின் ஒதுக்கக் காடாக எல்லைக்கல் போடப்பட்டன. அலைகரையையும் கோடையில் உழுது பயிர் செய்கிறார்கள். உழுத மண் முதல் மழைக்கே குளத்துக்குள் இறங்கித் தூராகிறது. போக்கிடமில்லாத மாடு மழைக்காலத்திலும் குளக்கட்டில்தான் நிற்கும். குளம்பு பட்டு ஈரக்கட்டு சரிகிறது. சாணமெல்லாம் ஒரே தண்ணீருக்குள் போய்ப் பாசி கட்டுகிறது. ஒரே துண்டை ஓய்வில்லாமல் மேய்ந்தால் நல்ல புல் வேரோடு போய், மாடு தின்னாத பூண்டு மிஞ்சும். இரவில் மாடு வயலுக்குள் விழுந்தால் உடனே ‘கட்டாக்காலி’ (கட்டில்லாமல் திரியும் மாடு) என்று பெயர் வைத்துத் தண்டம் அறவிடுகிறார்கள். கமக்காரரின் நட்டத்தைச் சிறிதாக்க நான் வரவில்லை. கதிர்ப்பருவத்தில் ஒரு பட்டி இறங்கினால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் விடிவதற்குள் போய்விடும். ஆனால் அந்த மாட்டுக்கும் போக ஓரிடம் இருந்தது.

பெயர்ச்சியால் கேடே இல்லை என்றும் சொல்லமாட்டேன். சீமைக்கருவேல் நெற்றைத் தின்ற மாடு அதன் விதையைச் சாணத்தோடு அடுத்த மேய்ச்சல் நிலத்தில் போட்டு முளைக்கவைக்கும். அளவுக்கு மேல் பட்டிகள் ஒரு தரவையில் கூடினாலும் தரவை கெடும். அதற்குத்தான் ஊர்க்கட்டுப்பாடு. ஒவ்வொரு போகத்துக்கும் முன் கமக்காரர் கூடும் எங்கள் போகக் கூட்டங்களில் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதியோடு வயல்வெளியிலிருந்து மாட்டை அகற்றும் திகதியும் தீர்மானிக்கப்படுகிறது. சுவிற்சர்லாந்தின் டோர்பெல் மலைக்கிராமத்தில், குளிர்காலம் முழுக்கத் தன் வைக்கோலில் தீனி போட முடிந்த மாட்டுக்கு மேல் ஒருவரும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஏற்றக்கூடாது என்று 1517-இலேயே விதி எழுதியிருக்கிறார்கள். பொதுவளம் எவருடையதும் அல்லாததால் எல்லாரும் சேர்ந்து அழிப்பார்கள் என்று 1968-இல் சூழலியலாளர் கரெட் ஹார்டின் எழுதியதற்கு, இத்தகைய ஊர்களைக் காட்டித்தான் அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரோம் பதில் சொன்னார். 2009-இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். டோர்பெலில் தலைக்கணக்கு இருக்கிறது, எங்களிடம் திகதி இருக்கிறது. எங்களுக்குத் தலைக்கணக்கும் வேண்டும், மாடு போய்ச் சேர நிலமும் வேண்டும். திகதியை மட்டும் எழுதிவிட்டு இடத்தை எழுதாத தீர்மானம் பட்டிக்காரரை என்ன செய்யச் சொல்கிறது?

ஆகவே வரைவிலக்கணம் இப்படி இருக்கட்டும்:

பட்டிப்பெயர்ச்சி: நிலையான ஊருடைய மேய்ப்போர், பருவத்துக்கேற்பக் கால்நடைகளை வழக்கமான இரண்டு அல்லது மேற்பட்ட மேய்ச்சல் நிலங்களுக்கிடையே கொண்டுசென்று திரும்பும் மேய்ப்பு முறை.

அல்ப்ஸில் செய்வதுபோலவும், இமயத்தில் கத்தி (Gaddi), பகர்வால் என்னும் மேய்ப்பர் மக்கள் செய்வதுபோலவும் மலை ஏறி இறங்குவதை ‘மலைப் பட்டிப்பெயர்ச்சி’ எனலாம். தமிழ்நாட்டில் பட்டி என்றால் ஊர்ப்பெயர் முடிவுதான் நினைவுக்கு வரும் என்று அக்கா ஒருவர் தயங்கியிருந்தார். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அங்கும் வழக்கில் உள்ளவைதானே. ‘கிடை’யை எருவுக்காக வயலில் அடைப்பதற்கென்றே விட்டுவைப்போம். மற்றச் சொற்களுக்கு மிகைமேய்ச்சல் (overgrazing), தாள்மேய்ச்சல் (stubble grazing), தாங்குதிறன் (carrying capacity) போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்றுக்குத்தான் சொல் பிடிபடவில்லை: பட்டி போகிற வழி. ‘மாட்டுப்பாதை’ என்றால் வரைபடத்தில் ஒற்றைக்கோடாகப் போட்டுவிடுவார்கள். நடுவில் தண்ணீர் குடிக்கிற மோட்டையும் (சிறு நீர்நிலையும்) இராத்தங்கும் வெளியும் அதற்குள் வரவேண்டும். மன்னார்ப் பக்கமோ மட்டக்களப்புப் பக்கமோ இதற்கு வழங்கும் சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.