மாடல் டி கார்புரேட்டர்: மேடு ஏறும்போது டப் டப்னு வெடிக்குது

பழையவண்டி:
மிச்சிகன்ல நண்பர் ஒருத்தர் ஷெட்ல 1923 ஃபோர்டு மாடல் டி நிக்குது, ஹாலி என்எச் கார்புரேட்டர். ஸ்டார்ட் ஆயிடுது, சமதரையில பரவாயில்ல, ஆனா மேடு ஏறும்போது த்ராட்டில் லீவரை இழுத்தா கார்புரேட்டர் வழியா டப் டப்னு வெடிச்சு இழுவை போயிடுது. டேஷ்ல இருக்கற, பெட்ரோல் அளவை கூட்டிக் குறைக்கற அட்ஜஸ்டிங் ராடை ரெண்டு பக்கமும் திருகிப் பாத்தாச்சு, ஒன்னும் பிடிபடல. எங்கருந்து ஆரம்பிக்கறது?

ஸ்பானர்:
கார்புரேட்டர்ல வெடிச்சா பெரும்பாலும் மிக்ஸ்சர் லீன், அதாவது காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. ஆனா ராடை இப்ப தொடாதீங்க, மொதல்ல பெட்ரோல் ஒழுங்கா வருதான்னு பாருங்க. இந்த வண்டிக்கு பம்ப்பே கிடையாது, சீட்டுக்கு அடியில இருக்கற டேங்க்லருந்து தானா இறங்கி வரணும், அதனாலதான் அந்தக் காலத்துல டேங்க்ல கம்மியா இருந்தா செங்குத்தான மேட்டை ரிவர்ஸ்ல ஏறுவாங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ஆற விட்டு, கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கற கிண்ணம் (பவுல்) அடியில இருக்கற ட்ரெயினை, அதாவது வடிகாலைத் தொறந்து ஒரு டப்பால பிடிங்க. விடாம ஒரே தாரையா வரணும். சொட்டு சொட்டா வந்தா டேங்க் அடியில கசடு பிடிக்கற செடிமென்ட் பல்ப் சல்லடை அடைச்சிருக்கும், இல்லன்னா டேங்க் மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருக்கும்.

தாரை சரியா இருந்தா அப்பறம் ட்யூனிங். இன்ஜின் நல்லா சூடானதும் ஸ்டீயரிங் கிட்ட இருக்கற ஸ்பார்க் லீவரை நாலாவது பல்லுக்கும், த்ராட்டில் லீவரை ஆறாவது பல்லுக்கும் இறக்கி வச்சுட்டு, ராடை வலப்பக்கம் மெல்ல மெல்ல திருகுங்க, இன்ஜின் தடுமாற ஆரம்பிக்கும், அங்கருந்து இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா தொறந்துட்டே வந்தா சத்தம் எகிறி ஒரு இடத்துல நிக்கும் பாருங்க, கறுப்புப் புகை வராம அந்த இடத்துல விட்டுடுங்க, அவ்ளோதான். குளிர்ல ஸ்டார்ட் பண்ண மட்டும் அதுக்கு மேல கால் சுத்து தொறக்கணும், சூடானதும் திருப்பி மூடிடணும். ராடு திருப்பற ஊசியை மட்டும் இறுக்கி மூடிடாதீங்க, நுனியில வரி விழுந்துடுச்சுன்னா அப்பறம் என்ன பண்ணாலும் செட் ஆகாது.

காயில்பாக்ஸ்:
எல்லாத்துக்கும் கார்புரேட்டரையே திட்டறோம், சிலிண்டருக்கு ஒன்னா ஸ்பார்க் கொடுக்கற நாலு காயிலையும் யாராச்சும் பாத்தீங்களா? இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு காயில் மேலயும் அதிர்ற தகட்டை விரலால அமுக்குங்க, எதை அமுக்கும்போது சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யல. ராடை நாள் பூரா திருகினாலும் அது சரியாகாது.

அதோட கார்புரேட்டர்லருந்து இன்ஜினுக்குப் போற குழாய் (மேனிஃபோல்டு) சேர்ற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க, சத்தம் மாறுனா அங்க காத்து இழுக்குது.

ஸ்பானர்:
நியாயம். பவுல் உள்ள கார்க் ஃப்ளோட் (மிதவை) இருக்கான்னும் பாருங்க, அதுமேல இருக்கற பழைய ஷெல்லாக் (அரக்கு) பூச்சை எத்தனால் கலந்த பெட்ரோல் கரைச்சிடும், கார்க் ஊறி கனத்துப் போச்சுன்னா பெட்ரோல் வழிஞ்சுட்டே இருக்கும். ஆனா அது ரிச் பக்கம், அதாவது பெட்ரோல் ஜாஸ்தியாப் போற கேஸ், உங்களுது வேற.

பழையவண்டி:
ட்ரெயின் தொறந்தேன், மொதல்ல நல்லா வந்துச்சு, அப்பறம் நூல் மாதிரி ஆயிடுச்சு. டேங்க் மூடியை கழட்டிப் பாத்தேன், அப்பவும் அதேதான். அப்ப சல்லடைதான் போல. பல்பை கழட்டறதுக்கு முன்னாடி டேங்க் முழுசா காலி பண்ணனுமா?

ஸ்பானர்:
ஆமா, முழுசா. ஷெட்டுக்கு வெளிய தள்ளி வச்சு பண்ணுங்க.