உலோக 3டி பிரிண்டிங் சிமுலேஷன்: கணிப்பைச் சரிபார்த்த மூன்று பேரின் அனுபவங்கள்

தகைவுக்கணக்கு:
அச்சிடும்போது உலோகத்தில் தங்கும் திரிபை முன்கூட்டிய எண்ணாகக் கொடுத்து வளைவைக் கணிக்கும் இன்ஹெரன்ட் ஸ்ட்ரெயின் மென்பொருளை, ஒரு கான்டிலீவரின் (ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் சோதனைத் துண்டு) வளைவுக்குத் திருத்திவிட்டு, அதே கான்டிலீவரைக் காட்டி "துல்லியம்" என்பது சோதனையே ஆகாது. விடையைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. திருத்தம் ஒரு வடிவத்தில், சோதனை வேறொன்றில் நடக்க வேண்டும்.

சோதனைக்கு அமெரிக்க அளவைத்தர நிறுவனமான நிஸ்ட், சிமுலேஷன்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தந்த 2018 ஏஎம்-பெஞ்ச் அளவீட்டுத் தொகுப்பின் பால வடிவப் பாகத்தை எடுங்கள். இன்கோனல் 625 (நிக்கல் உலோகக்கலவை), நீளம் 75 மி.மீ., அகலம் 5, உயரம் 12.5, அடியில் 12 கால்கள். லேசர் 195 வாட், வேகம் நொடிக்கு 800 மி.மீ., 20 மைக்ரான் அடுக்கு. கால்களை வயர் இடிஎம்மில் (மின்பொறிக் கம்பியால் அறுக்கும் கருவி) அறுத்து ஒரு முனையை மட்டும் அடிப் பிளேட்டோடு விட்டால் பாலம் மேலே எழும்பும். அந்த எழும்பலோடு, நியூட்ரான், எக்ஸ்ரே விளிம்பு விளைவில் அளந்த உள்திரிபும் பொதுவில் கிடைக்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டும். எழும்பல் என்பது உள்ளே இருக்கும் தகைவுகளின் (ஸ்ட்ரெஸ்) மொத்த விளைவு. ஓரிடத்துப் பிழையை இன்னோரிடத்துப் பிழை அடித்துவிட்டு, எண் அழகாகப் பொருந்திவிடும்.

பவுடர்பெட்:
கணக்குக்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷையும் கவனிக்கணும். அந்தக் கால்களில் சில 0.5 மி.மீ. தடிமன்தான். 1 மி.மீ. வோக்சலில் (மெஷ்ஷின் கனசதுரத் துண்டு) அவை காணாமல் போகும், இல்லையென்றால் இரட்டிப்பாகத் தடித்து நிற்கும். மொத்தம் 625 அடுக்கு, 0.5 மி.மீ. வோக்சலிலேயே 25 அடுக்கு ஒன்றாகிவிடுகிறது. 1, 0.5, 0.25 என்று மூன்று முறை ஓட்டி, விடை அசையாமல் நின்ற பிறகுதான் அளவீட்டுப் பக்கம் போகணும்.

சொந்தமாகப் பாகம் அடித்துச் சோதிக்கிறவர்களுக்கு: மெஷினிலிருந்து போல்ட்டைக் கழற்றியதும் பிளேட்டே கொஞ்சம் வளையும். அதனால் அறுப்பதற்கு முன் சிஎம்எம்மில் (புள்ளி புள்ளியாக வடிவத்தை அளக்கும் கருவி) ஒருமுறை, அறுத்த பின் ஒருமுறை மேற்பரப்பை அளந்து, வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். ஸ்ட்ரெஸ் ரிலீஃப் (சூடாக்கித் தகைவைக் குறைப்பது) செய்த பாகமென்றால் அந்தப் படி சிமுலேஷனிலும் இருக்கணும். விட்டுவிட்டால் கணிப்பு எகிறும், பழி மென்பொருள் மேல் விழும்.

மைக்ரான்:
மெல்ட் பூல் (லேசர் உருக்கும் சிறு உலோகக் குளம்) கணிப்புக்கு அதே ஏஎம்-பெஞ்ச் தொகுப்பில், லேசரை ஒரே கோடாக ஓட்டிய ஒற்றைத் தடச் சோதனைகள் இருக்கின்றன. அதில் ஒரு கண்ணி: நிஸ்ட்டின் சொந்த ஆய்வுக் கருவியான ஏஎம்எம்டியில் 195 வாட் என்று குறித்த தடங்களுக்கு உண்மையில் விழுந்தது 179.2 வாட், 150 வாட் தடத்துக்கு 137.9. லேசர் புள்ளியின் விட்டமும் அதில் 170 மைக்ரோமீட்டர், வணிக மெஷினில் 100. குறித்த எண்ணையே உள்ளிட்டால் ஆழம் தப்பாக வரும். உடனே உறிஞ்சுதிறனை (லேசர் ஆற்றலில் உலோகம் உள்வாங்கும் பங்கு) கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டத் தோன்றும், செய்யாதீர்கள். அகலம், ஆழம், நீளம் மூன்றும் ஒரே உறிஞ்சுதிறனில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.