இரண்டு லேத்துகளுக்கு ஒரே ரோபோ: 7 கிலோ போதுமா?

கேள்வி: வணக்கம். கோவையில் உள்ள எங்கள் பட்டறையில் இரண்டு சிஎன்சி (கணினி இயக்கும்) லேத்துகளில் 3 கிலோ எடையுள்ள பம்ப் தண்டுகளைக் கடைகிறோம். நடுவில் ஒரே ரோபோவை நிறுத்தி ஏற்றி இறக்க விரும்புகிறோம். 7 கிலோ தூக்கும் ரோபோ போதுமா?

பதில் 1: போதாது, ஐயா. கடைந்த தண்டை எடுத்த கையோடு புதியதை மாட்ட இரட்டைக் கிரிப்பர் (ரோபோ கையின் நுனியில் இரண்டு பிடிகள்) தேவை. அந்த நேரத்தில் இரண்டு தண்டுகளுமே 6 கிலோ ஆகிவிடும். கிரிப்பரின் எடையும் அதனுடன் சேரும். எடை ரோபோவின் மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கணக்கிடுங்கள்.

பதில் 2: எடையைவிட என்னை அதிகம் வருத்தியது கடையும்போது சுருள் சுருளாக வரும் உலோகச் சீவல்தான். தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் தாடையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் தண்டு சாய்ந்து உட்காரும். மனிதர் விரலால் துடைத்துவிடுவார், ரோபோவுக்கு அது தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் காற்றடித்துவிட்டு, சக் இறுகியது என்ற சிக்னல் வந்த பிறகே கிரிப்பர் தண்டை விடுமாறு புரோகிராம் எழுதுங்கள்.

பதில் 3: ரோபோவைச் சுற்றிப் பாதுகாப்பு வேலியையும் மறக்க வேண்டாம். கதவைத் திறந்தால் ரோபோ நிற்கும்படி இன்டர்லாக் அமைத்து, ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரத்தின்படி அபாய மதிப்பீட்டை முதலிலேயே செய்துவிடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. கிரிப்பரை எடை போட்டுவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.