தனியார் பட்டறையில் இருக்கும் டைனோசருக்குப் பெயர் வைக்க முடியாதா?

கதிர்:
என் மகளுக்கு 9 வயது. டைனோசர் என்றால் உயிர். டைனோசர் எலும்புகளைத் தோண்டி விற்கும் அமெரிக்கப் பட்டறை ஒன்று விற்பனைக்கு வைத்திருக்கும் எலும்புக்கூட்டின் படத்தைக் காட்டி, "இது என்னப்பா?" என்றாள். கீழே "புதிய இனமாக இருக்கலாம்" என்று மட்டும் போட்டிருந்தது. விஞ்ஞானிகள் போய்ப் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன? எது தடுக்கிறது?

மீனா, ராலே:
போய்ப் பார்க்கத் தடையில்லை. அதை வைத்து எழுதி வெளியிடுவதில்தான் சிக்கல். "நீங்கள் சொன்னது தவறு" என்று நாளைக்கு இன்னொருவர் வாதிட வேண்டுமானால், அவரும் அதே எலும்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தனியாரிடம் இருப்பது எப்போது யாருக்குக் கைமாறும் என்று தெரியாது. அதனால் பொது அருங்காட்சியகத்தில் பதிவெண் வாங்காத எலும்பைப் பற்றிய கட்டுரையைத் தொல்லுயிரியல் இதழ்கள் பலவும் ஏற்பதில்லை.

எங்கள் ஊரான ராலேவுக்கு (அமெரிக்காவின் வட கரோலினா) வந்து சேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஹெல் கிரீக் பாறை அடுக்கில் ஒரு டிரைசெராடாப்ஸும் (மூன்று கொம்புள்ள தாவர உண்ணி) ஒரு சிறிய டைரனோசாரும் (டி. ரெக்ஸ் வகை ஊன் உண்ணி) பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தன. தனியார் நிலம், அங்கே சட்டப்படி எலும்பு நிலத்துக்காரருடையது. 2013-இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். 55 லட்சம் டாலர் வரை கேட்டும், வைத்திருந்த குறைந்தபட்ச விலையைத் தொடவில்லை. திரும்பப் பூட்டிய அறைக்கே போனது. அப்புறம் வழக்கு. கனிம உரிமையில் பங்கு வைத்திருந்தவர்கள் எலும்பும் கனிமம்தான் என்றார்கள். இல்லை என்று மொன்டானா உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. அதே ஆண்டுதான் வட கரோலினா இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அது கிடைத்தது. 14 வருடம் போய்விட்டது!

2024-இல் ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் போனேன். பேனா மாதிரி ஒரு கருவி, காற்றழுத்தத்தில் கிர்ரென்று அதிரும். அதை வைத்து ஒரு பெண் பாறையை அரிசி அரிசியாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற அரை மணி நேரத்தில் வெளியே தெரிந்தது ஒரு நக அளவு எலும்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2025 அக்டோபரில் நேச்சர் இதழில் முடிவு வந்தது. அந்தச் சிறிய டைரனோசார் குட்டி டி. ரெக்ஸ் இல்லை, சுமார் 20 வயதான, வளர்ந்து முடிந்த நானோடைரனஸ் என்ற தனி வகை. எலும்பை அறுத்து வளர்ச்சி வளையங்களை எண்ணியிருக்கிறார்கள். டி. ரெக்ஸைவிடப் பல் அதிகம், கை பெரிது, வாலில் முள்ளெலும்பு குறைவு. நானோடைரனஸ் தனி வகையா, குட்டி டி. ரெக்ஸா என்ற பல பத்தாண்டுச் சண்டைக்கான சாட்சி அத்தனை காலம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

இளங்கோ:
பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். அவர்கள் தோண்டாவிட்டால் அந்த எலும்பு வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து மண்ணாகியிருக்கும். நான் நிலவியல் படித்தவன். ஒரே மழைக்காலத்தில் சரிவு ஒன்று காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மீனா, ராலே:
உண்மைதான் இளங்கோ. இதையும் தோண்டியவர்கள் கவனமாகவே எடுத்தார்கள். தோல் பதிவுகள்கூடத் தப்பியிருக்கின்றன. என் வருத்தம் அதற்கு அப்புறம் நடப்பதில். தொல்லுயிரியலாளர் தாமஸ் கார் 2025-இல் வெளியிட்ட கணக்கில், அறிவியலுக்குப் பயன்படும் டி. ரெக்ஸ் எலும்புக்கூடுகளில் 71 தனியாரிடம், 61 பொது நிறுவனங்களிடம். அந்த 71-இல் இளம் விலங்குகளும் உண்டு. அந்த விலங்கு எப்படி வளர்ந்தது என்று சொல்லக்கூடியவையே அவைதான்.

கதிர், அந்தப் படத்தை இங்கே போடுங்கள். எது நிஜ எலும்பு, எது வார்ப்பில் செய்து சேர்த்தது என்று உங்கள் மகளோடு சேர்ந்து பார்ப்போம்.