ஒன்றாகவே ஓட்டுப் போடும் மாநிலங்கள்: உங்கள் ஊரில் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

மிச்சிகன், மெக்கோம் கவுன்ட்டியிலிருந்து

வணக்கம் நண்பர்களே. அதிபர் தேர்தல் வரைபடத்தில் சில மாநிலங்கள் வருடக்கணக்கில் ஒரே பக்கம் போவதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றும் 1992-லிருந்து ஒரு தேர்தலில்கூடப் பிரிந்ததில்லை. 2012 வரை ஆறு தேர்தலும் ஜனநாயகக் கட்சி, 2016-இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப், 2020-இல் ஜனநாயகக் கட்சியின் பைடன், 2024-இல் மறுபடி டிரம்ப். மிச்சிகனையும் பென்சில்வேனியாவையும் மட்டும் எடுத்தால் 1980-லிருந்தே ஒரே வழி.

2024 முடிவை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரம்புக்கு 312 தேர்வாளர் வாக்கு (பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அதன் மொத்தமும் போகும்), கமலா ஹாரிஸுக்கு 226. மிச்சிகனின் 15, பென்சில்வேனியாவின் 19, விஸ்கான்சினின் 10, மொத்தம் 44. அதை ஹாரிஸ் பக்கம் வைத்தால் சரியாக 270. அதாவது ஜெயிக்க வேண்டிய எண், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை.

ஏன் இப்படிச் சேர்ந்தே நகர்கின்றன என்பதற்கு டிவியில் ஆயிரம் விளக்கம் சொல்கிறார்கள். அது இங்கே வேண்டாம். உங்கள் ஊர் மனிதர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யு.ஏ.டபிள்யூ. சங்கத்தின் நீல ஜாக்கெட் இன்னும் அவர் கராஜில் ஆணியில் தொங்குகிறது, மார்பில் அவருடைய கிளையின் எண் தைத்திருக்கும். பனி அள்ளி முடித்து அங்கே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே வரிசையாகச் சொன்னார்: 1980-இல் குடியரசுக் கட்சியின் ரீகன், 1992-இல் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன், ஒபாமாவுக்கு இரண்டு முறை, அப்புறம் டிரம்ப். கிளின்டன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. 1993-இல் கனடா, மெக்சிகோவோடு தடையில்லா வர்த்தகத்துக்கான நாஃப்டா சட்டத்தில் “எங்கள் ஆளே கையெழுத்துப் போட்டான்” என்றார். ஒபாமாவுக்கு இரண்டாம் முறை போட்டதற்குக் காரணம் 2009-இல் கார் நிறுவனங்களைக் கைதூக்கிவிட்டது. கட்சி மாறிக்கொண்டே இருந்தவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை என்ற ஒரே விஷயத்தைத்தான் அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

2016-இல் மிச்சிகன் முழுக்க வெற்றி வித்தியாசம் 10,704 ஓட்டு. எங்கள் மாவட்டமான மெக்கோமில் மட்டும் டிரம்ப் 48,000-க்கும் மேல் முன்னால் இருந்தார். என் தெருவில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

பென்சில்வேனியா, பெத்லஹேமிலிருந்து

மெக்கோம் அண்ணா சொன்னதில் பாதி எங்களுக்கும் பொருந்தும். எங்கள் நார்தாம்ப்டன் கவுன்ட்டியும் ஒபாமா, ஒபாமா, டிரம்ப், பைடன், டிரம்ப் என்று மாநிலம் போன வழியிலேயே போயிருக்கிறது. இங்கே உருக்காலை 1995-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஊதுலைகள் துருப்பிடித்து லீஹாய் ஆற்றங்கரையில் இன்னும் நிற்கின்றன, பக்கத்திலேயே சூதாட்ட விடுதி.

ஆனால் 2024-இல் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தபோது என் முன்னால் வந்த வரிசை உருக்காலை வரிசை இல்லை. காலை 7 மணிக்குக் கதவு திறந்ததுமே கிடங்குகளில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் வந்துவிட்டார்கள். ஒளிரும் மேலங்கியைக்கூடக் கழற்றாத ஓர் இளைஞர், அந்தச் சாவடியில் அவருக்கு முதல் ஓட்டு. முதல் முறை வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. அவர் ஓட்டுநர் உரிமத்தை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். பின்னால் நின்ற அவருடைய அம்மா ஸ்பானிஷில் ஏதோ சொல்ல, பையன் நிமிர்ந்து நின்றுகொண்டான். யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கக் கூடாது, கேட்கவும் இல்லை. ஆனால் மிச்சிகன் பெரியவரின் கோபமும் இந்தப் பையனின் தேவையும் ஒன்றல்ல. இரண்டு மாநிலத்தின் முடிவு ஒன்று என்பதால் காரணமும் ஒன்று என்று எழுதுபவர்கள் இந்த வரிசையில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

அரிசோனா, சாண்ட்லரிலிருந்து

சின்ன எச்சரிக்கை. அரிசோனாவும் ஜார்ஜியாவும் 2000 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே பக்கம். 2020-இல் இரண்டும் சேர்ந்தே பைடனிடம் போயின, இங்கே 10,457 ஓட்டு வித்தியாசம், அங்கே 11,779. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் 1992-இல் ஜார்ஜியா கிளின்டனுக்கு, அரிசோனா புஷ்ஷுக்கு. 1996-இல் அப்படியே தலைகீழ். அட்லான்டா புறநகருக்கும் ஃபீனிக்ஸ் புறநகருக்கும் வெளியூர்க்காரர்கள் குடிவந்தது இரண்டுக்கும் பொதுதான். அதற்கு மேல் உறவு தேடினால் கிடைக்குமா என்பது சந்தேகமே.

வடக்கு டகோட்டா, ஃபார்கோவிலிருந்து

எங்கள் ஜோடி நூறு வருடத்தைத் தாண்டியது. வடக்கு டகோட்டாவும் தெற்கு டகோட்டாவும் 1889 நவம்பர் 2 அன்று, ஒரே நாளில் மாநிலமாயின. எது முதலில் என்ற சண்டை வரக் கூடாதென்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் தாள்களைக் கலைத்து, பெயரை மறைத்துக் கையெழுத்திட்டார். 1920 முதல் அதிபர் தேர்தலில் இரண்டும் பிரிந்ததே இல்லை. 1964-இல் ஜனநாயகக் கட்சியின் ஜான்சனுக்குப் போட்டதுதான் கடைசி, அப்புறம் எல்லாமே குடியரசுக் கட்சி. 1972-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் தெற்கு டகோட்டாவின் செனட்டர். சொந்த மாநிலமே அவரைக் கைவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்த ஜோடியைப் பற்றி இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி. ஃபார்கோவில் பாலம் ஏறி இறங்கினால் மூர்ஹெட், அது மினசோட்டா. நடுவில் வடக்கு நோக்கி ஓடும் ரெட் ரிவர். இரு கரையிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல், நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், லூத்தரன் தேவாலயம். ஆனால் மினசோட்டா 1976-லிருந்து ஒருமுறைகூடக் குடியரசுக் கட்சிக்குப் போகவில்லை. 1984-இல் ரீகன் 49 மாநிலங்களை அள்ளியபோது ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேல் பக்கம் நின்ற ஒரே மாநிலம் அது, 3,761 ஓட்டு வித்தியாசத்தில்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு இங்கே குடும்ப நிலம் இருக்கிறது. அறுவடை நேரத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். கிழங்கு ஏற்றிய லாரி எடைமேடையில் நிற்கும்போது அவருடைய அப்பாவிடம் பேசக் கிடைத்தது. குடியரசுக் கட்சியைத் தவிர வேறு எதற்கும் போடாதவர். ஆனால் வடக்கு டகோட்டா வங்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரலே மாறிவிட்டது. 1915-இல் கிளம்பிய நான்பார்ட்டிசன் லீக் என்ற விவசாயிகள் இயக்கம் 1919-இல் உண்டாக்கிய அரசு வங்கி அது. கிராண்ட் ஃபோர்க்ஸில் மாநில அரசுக்கே சொந்தமான மாவு ஆலையும் உண்டு, 1922-லிருந்து ஓடுகிறது. மினியாபொலிஸ் தானிய வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் சொன்ன விலைக்கும் வட்டிக்கும் கட்டுப்பட்டுக் கிடந்த காலத்தில் இவருடைய தாத்தா அந்த லீக்கில் உறுப்பினர். “அந்த வங்கியில் கை வைக்க யாரையும் விடமாட்டோம்” என்றார். அரசு தொழில் நடத்தக் கூடாது என்ற கட்சிக்கு ஓட்டு, அரசு நடத்தும் வங்கிக்குக் காவல், இரண்டும் ஒரே மனிதரிடம். அவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் இப்போது தெரியவில்லை. வெளியூர்க்காரன் தன்னை ஆட்டிவைக்கக் கூடாது என்பதுதான் இரண்டுக்கும் அடியில் இருப்பது.

அப்படியானால் மினசோட்டா ஏன் வேறு பக்கம்? அங்கே ஆற்றை ஒட்டிய மேற்கு எல்லைக் கிராமங்கள் பெரும்பாலும் எங்களைப் போலத்தான் இப்போது வாக்களிக்கின்றன. ஆனால் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற பெரிய நகரம் மாநிலத்தையே இழுத்துச் செல்கிறது. வடக்கு டகோட்டாவின் மொத்த மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம். இழுக்க எங்களிடம் அப்படியொரு நகரம் இல்லை.

வர்ஜீனியா, லவுடன் கவுன்ட்டியிலிருந்து

ஃபார்கோ நண்பர் சொன்ன ‘இழுக்கும் நகரம்’ வாஷிங்டன் புறநகரான நாங்கள்தான். வர்ஜீனியாவும் கொலராடோவும் 1996 முதல் ஒரே பக்கம்: 2004 வரை குடியரசுக் கட்சி, 2008-லிருந்து ஜனநாயகக் கட்சி. லவுடன் கவுன்ட்டியும் 2004-இல் புஷ்ஷுக்குப் போட்டு 2008-இல் ஒபாமாவுக்கு மாறியது. நாங்கள் குடிவந்தபோது குதிரைப் பண்ணையாக இருந்த இடத்தில் இன்று டேட்டா சென்டர். என் மனைவி குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று வாசலிலேயே மேஜை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் கொடுத்தார்கள். அவருடைய வரிசையில் எத்தியோப்பியர், கொரியர், எல் சால்வடோர்க்காரர், ஒரு திருநெல்வேலிக்காரர். டென்வர் பக்கம் யாராவது இருந்தால் அங்கேயும் இப்படித்தானா என்று எழுதுங்கள்.

அலபாமா, செல்மா பக்கத்திலிருந்து

நான் மருத்துவர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டிய நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கும். அப்படி வந்து, பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டேன்.

அலபாமாவும் மிசிசிப்பியும் 1964 முதல் பிரிந்ததில்லை. 1964-இல் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர், 1968-இல் தனிக் கட்சியில் நின்ற ஜார்ஜ் வாலஸ், 1972-இல் குடியரசுக் கட்சியின் நிக்சன், 1976-இல் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர், 1980-லிருந்து தொடர்ந்து குடியரசுக் கட்சி. ஆனால் கவுன்ட்டி வாரியாக வரைபடத்தைப் பாருங்கள். குடியரசுக் கட்சியின் சிவப்பு நடுவே ஜனநாயகக் கட்சியின் நீலப் பட்டை ஒன்று வளைந்து போகும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இங்கே கடற்கரை இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவத்தின் மேல் உருவானது இந்தக் கரிய வளமான மண். அந்த மண்ணில் பருத்தி, பருத்திக்கு அடிமைகள், அந்த அடிமைகளின் வம்சத்தார் இன்றும் இதே பட்டையில் வாழ்கிறார்கள். பிளாக் பெல்ட் என்பார்கள்.

என்னிடம் ரத்த அழுத்தத்துக்கு வரும் ஒரு கறுப்பினப் பாட்டி, கைப்பையில் தன் வாக்காளர் பதிவுச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். 1965-இல் வாங்கியது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது. அதற்கு முன் நீதிமன்றத்துக்குப் போய் வரிசையில் நின்றும், அரசியலமைப்பிலிருந்து கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் காலத்தில் பக்கத்து மிசிசிப்பியில் கறுப்பினத்தவரில் பதிவாகியிருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1964-இல் கோல்ட்வாட்டர் அங்கே 87 சதவீதம் வாங்கினார் என்றால், யார் ஓட்டுப் போட அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டுப் போன ஊர்வலத்தை அடித்து விரட்டினார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

“உங்கள் ஓட்டால் மாநில முடிவு மாறியதில்லையே” என்று கேட்டேன். “1976-இல் கார்ட்டர் ஜெயித்தாரே” என்றார் உடனே. அப்புறம், “2017-இல் டக் ஜோன்ஸை செனட்டுக்கு அனுப்பியது யார்?” அவர் சொன்னது சரி. அந்த இடைத்தேர்தலில் இந்தப் பட்டையின் ஓட்டு இல்லாமல் ஜனநாயகக் கட்சியின் ஜோன்ஸ் வென்றிருக்க முடியாது. ‘ஒன்றாக ஓட்டுப் போடும் மாநிலம்’ என்று சொல்லும்போது இந்தப் பாட்டி கணக்கிலிருந்து காணாமல் போகிறார். எனக்கு அது பொறுக்கவில்லை.

வெர்மான்ட்டிலிருந்து

செல்மா டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கதை உங்கள் கதையின் மறுபக்கம். 1856 முதல் 1960 வரை வெர்மான்ட் ஒரு தேர்தல் விடாமல் குடியரசுக் கட்சிக்கே போட்டது. 1936-இல் ரூஸ்வெல்ட் நாட்டையே வென்றபோது எதிர்த்து நின்றவை மேய்னும் வெர்மான்ட்டும் மட்டும்தான். இன்றும் அந்த இரண்டும் மாநில அளவில் ஒரே பக்கம், 1992 முதல் ஜனநாயகக் கட்சி. மேய்ன் தன் தேர்வாளர் வாக்கைப் பிரித்துக் கொடுப்பதால் அதன் இரண்டாம் தொகுதி 2016-லிருந்து டிரம்ப் பக்கம்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பால்பண்ணை விவசாயி பரம்பரைக் குடியரசுக் கட்சிக்காரர். ஆளுநர் ஃபில் ஸ்காட்டுக்கு ஒவ்வொரு முறையும் போடுவார், அவரும் குடியரசுக் கட்சிதான். அந்த ஆளுநரே 2020-இல் பைடனுக்கு ஓட்டுப் போட்டதாக வெளிப்படையாகச் சொன்னவர். அதைப் பற்றிக் கேட்டேன். “கட்சி தெற்கே குடிபோய்விட்டது, நாங்கள் மாடுகளை விட்டு எங்கே போவது” என்றார். நூறு வருடப் பழக்கம் எப்படி மாறியது என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதைத்தான் நம்புகிறேன்.

வெர்மான்ட் வரலாற்றில் முதல் முறையாக ஜனநாயகக் கட்சிக்குப் போட்டது 1964-இல். 1872-க்குப் பிறகு அலபாமா முதல் முறையாகக் குடியரசுக் கட்சிக்குப் போட்டதும் அதே 1964-இல், அதே நாளில். அந்த ஜூலையில்தான் ஜான்சன் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

டாக்டர், உங்கள் பகுதியில் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கே போட்ட வெள்ளை விவசாயக் குடும்பங்களும் உங்களிடம் வைத்தியத்துக்கு வருவார்கள் அல்லவா? அவர்கள் எந்த வருடம் மாறினார்கள், வீட்டில் என்ன சொல்லி மாறினார்கள் என்று யாராவது உங்களிடம் பேசியிருந்தால் அதையும் எழுதுங்கள்.