அப்பாவை இடித்துவிட்டு கார் நிற்காமல் போய்விட்டது: வக்கீலை இப்போதே வைக்க வேண்டுமா?

செல்வி_நத்தம்:
வணக்கம். போன வெள்ளிக்கிழமை இரவு ஏழேகால் மணிக்கு அப்பா துவரங்குறிச்சியிலிருந்து நத்தத்துக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல்-லில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டுப் போயேவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, கம்பி வைத்து ஆபரேஷன் முடிந்திருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் நம்பரில் ‘டி.என். 59’ என்பதையும் கடைசி 7-ஐயும் மட்டும் பார்த்திருக்கிறார்.

நேற்று வார்டுக்கே ஒருவர் வந்தார். மதுரையில் பெரிய வக்கீல் ஆபீஸாம். “ஒரு பைசா தர வேண்டாம், வரும் பணத்தில் கால் பங்கு மட்டும் எங்களுக்கு” என்று சொல்லி, வக்காலத்திலும் இரண்டு வெற்றுத்தாளிலும் கையெழுத்து கேட்டார். கார் யாருடையது என்றே தெரியாதே என்றேன். “அதெல்லாம் வண்டி ஏற்பாடு பண்ணிடலாம்மா” என்கிறார். அண்ணன் போட்டுவிடலாம் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. போலீசில் இன்னும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. அலைச்சலில் விட்டுப்போயிற்று. முதலில் எதைச் செய்வது?

ரிட்டயர்டு_ரைட்டர்:
அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டேஷன் ரைட்டராகப் பல வருடம் இருந்தவன் சொல்கிறேன். ‘வண்டி ஏற்பாடு’ என்றால், இன்சூரன்ஸ் உள்ள வேறு யாருடைய வண்டியையோ இதுதான் இடித்தது என்று காட்டுவது. அதற்கு ஒரு டிரைவரும் வந்து ஒப்புக்கொள்வார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் இதையே துருவித் துருவிப் பார்ப்பவர்கள். மாட்டினால் மோசடி வழக்கில் உங்கள் அப்பா பெயரும் வரும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அன்றைக்கு உங்கள் போனை எடுக்க மாட்டார்.

இன்றைக்கே செய்ய வேண்டியது புகார். அப்பா படுத்திருந்தால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். இடம், நேரம், காரின் நிறம், டீக்கடைக்காரர் பார்த்த எண்கள் எல்லாம் இருக்கட்டும். ஏன் தாமதம் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: ஆபரேஷன், கூட ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த இடம் எங்கள் எல்லை இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னால், எல்லை பார்க்காமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்பதுதான் இப்போதைய சட்டம். அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதி அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் ரசீது) திரும்பி வந்துவிடாதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

இன்னொன்று. எக்ஸ்.எல்-லை மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை அப்படியே கிடக்கட்டும். பின்பக்க நசுங்கலும், ஒட்டியிருந்தால் அந்தக் காரின் பெயின்ட்டும்தான் உங்களுக்குச் சாட்சி. போகிற வழியில் பெட்ரோல் பங்க் இருந்தால் கேமரா பதிவை இன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

செல்வி_நத்தம்:
ரொம்ப நன்றி சார். அண்ணனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கிப் பார்த்தால் தலையே சுற்றுகிறது. “வண்டியிலிருந்து தவறி விழுந்ததாக” என்று எழுதியிருக்கிறார்கள்! அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பையன் அப்படிச் சொல்லிவிட்டானாம். லைசென்ஸும் நாலு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இனி கேஸே நிற்காதா?

குமாஸ்தா_மணி:
தங்கச்சி, எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) வழக்குகளில் இந்த ‘தவறி விழுந்து’ நான் நிறையப் பார்த்தது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து கூட்டி வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதும் அந்த வரியைத்தான். அதை அடித்துத் திருத்தித் தரமாட்டார்கள், கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பையன் விபத்து நடந்தபோது அங்கே இருந்தானா, பிறகு வந்தானா? பிறகு வந்தவன் என்றால் அதை அவனே போலீஸ் வாக்குமூலத்தில் சொல்லட்டும். டீக்கடைக்காரர் வாக்குமூலமும் வேண்டும். உங்கள் கேஸில் அவர்தான் முக்கியமான ஆள், அவரிடம் மரியாதையாகப் பேசி வையுங்கள்.

லைசென்ஸ் முடிந்ததாலேயே இழப்பீடு போய்விடாது. தப்பு யார் மேல் என்பதுதான் கேள்வி.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். கார் கிடைக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் வக்கீலே தேவையா என்று தெரியும். கிடைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. அதற்கு வக்கீல் வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதனால் மதுரை ஆபீஸ் எதற்கு, திண்டுக்கல்லிலேயே பாருங்கள்.

கால் பங்கு பேச்சு வேண்டாம். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசக்கூடாது என்று வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆள் விட்டு கேஸ் பிடிப்பதும் கூடாது. வார்டுக்கு ஆள் அனுப்பியவர் இரண்டையுமே மீறியாயிற்று.

புதுக்கோட்டை_பாலு:
மணி அண்ணே, விதி ஏட்டில் இருக்கிறது, ஊரில் யார் பார்க்கிறார்கள்? என் மச்சான் கேஸில் 15 சதவீதம்தான் பேசினோம். கையில் காசில்லாதவன் வேறு என்ன செய்வான்? அந்த வக்கீல் நன்றாகவே நடத்திக் கொடுத்தார்.

குமாஸ்தா_மணி:
நடக்கிறது தம்பி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சதவீதம் பேசிய இடத்தில் கணக்குக் கேட்க முடியாது. ‘டாக்டர் சர்டிபிகேட் செலவு’, ‘டைப்பிங் செலவு’ என்று தனியாக வேறு கழிப்பார்கள். மனு போடும்போது இவ்வளவு, சாட்சி விசாரணையின்போது இவ்வளவு, தீர்ப்பு வந்தால் இவ்வளவு என்று ரூபாயில் பேசி எழுதி வாங்குவதுதான் நல்லது. காசில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் போட்டால் போதும். பெண்கள் மனுதாரர் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் தருவார்கள். இங்கே மனுதாரர் அப்பாதான், அவர் வருமானத்தைப் பார்ப்பார்கள்.

தாலுகா_ஆபீஸ்_தாஸ்:
கார் கிடைக்காமலே போனால் என்ன என்று யாரும் சொல்லவில்லையே. அதற்கு 2022 ஏப்ரல் 1 முதல் தனித் திட்டமே இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு 25,000, 12,500 என்றுதான் இருந்தது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். விபத்து நடந்த வட்டத்தின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் 1-இல் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் விசாரித்து ஒரு மாதத்தில் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கலெக்டர் உத்தரவு போட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் அமைப்பான பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் பணத்தை வங்கிக் கணக்கில் போடும். துவரங்குறிச்சி பக்கம் நடந்திருந்தால் மருங்காபுரி வட்டம், திருச்சி மாவட்டம். நத்தம் பக்கம் என்றால் திண்டுக்கல். இதற்கு வக்கீல் தேவையே இல்லை.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஒரு மாதத்தில் வண்டி விவரம் கிடைக்கவில்லை என்றால், இந்தத் திட்டத்தைப் பற்றிப் போலீசே பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 50,000-ஐ வாங்கியபின் கார் கிடைத்து, தீர்ப்பாயத்திலும் இழப்பீடு வந்தால் இதை மட்டும் திருப்பினால் போதும். அதனால் வாங்கத் தயங்க வேண்டாம்.

செல்வி_நத்தம்:
(19 நாள் கழித்து) எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வந்தேன். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. தூக்கிப்போன பையனே வந்து, தான் பிறகுதான் வந்ததாக வாக்குமூலம் கொடுத்தான், பாவம் அழுதுவிட்டான். பங்க் கேமராவில் முன்பக்க விளக்கு உடைந்த வெள்ளைக் கார் ஒன்று 7.21-க்குப் போகிறது. நம்பர் பாதி தெரிகிறது, போலீஸ் தேடுகிறார்கள். திண்டுக்கல்லில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அவர் நடத்திய இரண்டு எம்.சி.ஓ.பி. எண்களைக் கேட்டு, நீதிமன்ற வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். “கார் கிடைத்தால் வாருங்கள், இப்போது பீஸ் வேண்டாம்” என்கிறார்.

ஒரு சிக்கல். அண்ணன் முதல் நாளே ஆஸ்பத்திரி ஒரிஜினல் பில்களை அந்த மதுரை ஆளிடம் கொடுத்திருக்கிறான், என்னிடம் சொல்லவே இல்லை. திருப்பிக் கேட்டால் 10,000 ரூபாய் வைத்துவிட்டு எடுத்துக்கொள் என்கிறார்.

குமாஸ்தா_மணி:
வைக்காதீர்கள். பீஸ் பாக்கி இருந்தாலும்கூட வக்கீல் கட்சிக்காரரின் வழக்குக் காகிதக் கட்டுகளைப் பிடித்து வைக்க முடியாது, 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கோ வக்காலத்தே இல்லை. அந்த ஆபீஸ் வக்கீல் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போடுங்கள், ஒரு வாரம் கெடு கொடுங்கள். மசியவில்லை என்றால் பார் கவுன்சிலில் புகார். அதற்குள் ஆஸ்பத்திரி பில்லிங்கில் நகல் பில் கேட்டு முத்திரை போட்டு வாங்கி வையுங்கள். மனு போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு, அதை நம்பி உட்காராதீர்கள்.

ரிட்டயர்டு_ரைட்டர்:
விளக்கு உடைந்த கார் எங்காவது ஒர்க்‌ஷாப்புக்குப் போயே ஆக வேண்டும். மேலூர், மதுரை பக்கம் ஹெட்லைட் மாற்ற வந்த வெள்ளைக் கார்களை விசாரிக்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுதியே கொடுங்கள் அம்மா. வாயால் சொன்னால் கோப்பில் ஏறாது.